இழுத்தால் விழும் பட்டம்

ஆடியில் மேல்காற்று எழும்போது பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் காலி வயல்களிலும் கொசஸ்தலையாற்றின் வறண்ட மணலிலும் பட்டம் விடுவார்கள். செய்தித்தாள், விளக்குமாற்றுக் குச்சி, சோற்றுப் பசை, பழைய சேலைக் கிழிசலில் ஒரு வால். சாமான் இவ்வளவுதான். ஆனால் பட்டம் எழுவதையும் விழுவதையும் தீர்மானிப்பது இவை எதுவுமல்ல, சூத்திரக் கயிறு. நடுக்குச்சியில் மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் கட்டி, முக்கோணமாகத் தொங்கவிட்டு, அதில் ஒரு புள்ளியில் பறக்கும் நூலை முடிகிறார்களே, அந்தக் கயிறு. யாழ்ப்பாணத்தில் இதை முச்சை என்பார்கள். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டத் திருவிழாவில் பறக்கும் பெரிய பட்டங்களுக்கு முச்சை கட்டுவது தனிக் கைத்திறன்.

அந்த முடிச்சை மேலே நகர்த்தினால் பட்டம் காற்றுக்குத் தட்டையாகப் படுத்துக்கொண்டு உச்சிக்கு ஏறும். கயிற்றில் இழுப்பு குறைவாக இருக்கும். முடிச்சைக் கீழே இறக்கினால் பட்டம் காற்றுக்கு மார்பைக் காட்டி நிமிர்ந்து நிற்கும். இழுப்பு கூடும். இன்னும் கொஞ்சம் இறக்கினால், பலமாக இழுத்துக்கொண்டிருந்த பட்டம் திடீரென்று ஏற மறுத்து, பின்புறமாகச் சரிந்து, வால் முதலாகக் கீழே வரும். பிள்ளை பதறிப்போய் நூலை வேகமாகச் சுருட்டுவான். பட்டம் இன்னும் வேகமாக விழும்.

இதே விழுகை ராமேஸ்வரம் கடலில் வேறு அளவில் நடக்கிறது. அங்கே பட்டத்தின் பரப்பு 9 அல்லது 12 சதுர மீட்டர். மறுமுனையில் இருப்பது பலகையின் மேல் கால் பதித்து அலைமேல் சறுக்கும் ஒரு மனிதர். கைட் சர்ஃபிங் என்னும் இந்த விளையாட்டில் இதற்குப் பேக் ஸ்டால் என்று பெயர். புதிதாகக் கற்பவர்களைச் சோர வைப்பதில் இதற்கு இணையானது குறைவு. காற்று இருக்கிறது, பட்டம் இருக்கிறது, உடம்பில் தெம்பும் இருக்கிறது. ஆனாலும் பட்டம் திரும்பத் திரும்பப் பின்னால் சாய்ந்து தண்ணீரில் உட்கார்ந்துவிடுகிறது. பெரும்பாலும் குற்றம் காற்றின் மேல் சுமத்தப்படுகிறது. உண்மையில் கோளாறு ஒரு சில சென்டிமீட்டர் கயிற்றில் இருக்கிறது, அல்லது கற்பவரின் இறுகிய கையில் இருக்கிறது.

தமிழகக் கரையில் இந்த விளையாட்டுக்கு ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடல்போல் வாய்த்த இடங்கள் குறைவு. பாம்பன் பக்கம் நிலம் ஒடுங்கி, ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா என்று இரண்டு கடலுக்கு நடுவே நீள்கிறது. கோடையில் தென்மேற்கிலிருந்தும், மழைக்காலம் ஓய்ந்தபின் வடகிழக்கிலிருந்தும் காற்று வருகிறது. எந்தக் காற்றானாலும் ஏதோ ஒரு பக்கத்தில் அலையடங்கிய ஆழமில்லாத நீர் கிடைக்கும். எதிர்க்கரையில் இலங்கையின் கற்பிட்டிக் களப்புக்கு இதே காற்றைத் தேடி உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

இங்கே பறக்கும் பட்டத்தில் காகிதமும் குச்சியும் இல்லை. முன்விளிம்பு முழுக்க ஒரு காற்றுக் குழாய். பம்பு வைத்து அதை ஊதினால் பிறைபோல் வளைந்து விறைத்து நிற்கும். குழாயில் காற்று இருப்பதால் கடலில் விழுந்தாலும் மிதக்கும், மறுபடி எழுப்பலாம். ப்ரூனோ, டொமினிக் லெகெனியூ என்ற இரண்டு பிரெஞ்சு சகோதரர்கள் இந்த வடிவத்துக்கு 1984 நவம்பரில் காப்புரிமை கோரினார்கள். விப்பிகா என்ற பெயரில் அது கடைக்கு வந்து பரவியது 1997 வாக்கில்தான். பட்டத்திலிருந்து நான்கு கயிறுகள், ஏறத்தாழ 20 முதல் 24 மீட்டர் நீளத்தில், ஓட்டுபவரிடம் வருகின்றன. முன்விளிம்புப் பக்கத்திலிருந்து வரும் முன்லைன் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து, ஓட்டுபவர் கையில் பிடிக்கும் குறுக்குத் தண்டான பாரின் நடு ஓட்டை வழியாக இறங்கி, இடுப்பில் கட்டிய ஹார்னஸ் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். பட்டத்தின் பாரத்தில் பெரும்பங்கைச் சுமப்பவை இவை. பின்லைன் இரண்டும் பாரின் இரு முனைகளில் கட்டப்பட்டிருக்கும். பாரை உடம்பை நோக்கி இழுத்தால் பட்டத்தின் பின்விளிம்பு கீழே இழுபடும். தள்ளினால் தளரும். ஆகவே பார் என்பது பறந்துகொண்டிருக்கும்போதே சூத்திரத்தின் முடிச்சை மேலும் கீழும் நகர்த்தித் தருகிற கருவி. பள்ளிப்பட்டுப் பிள்ளை தரையில் உட்கார்ந்து கட்டி முடிக்கிற ஒன்றை, ராமேஸ்வரத்தில் நொடிக்கு நொடி கையால் மாற்றிக்கொண்டே போகிறார்கள்.

இழுத்தால் பலம் கூடுகிறது. முதல் நாள் பயிற்சியில் உடம்பு கற்றுக்கொள்வது அதைத்தான். அது உண்மையும்கூட, ஓர் எல்லை வரைக்கும்.

பட்டத்தின் துணி வளைந்த ஓர் இறக்கை. எதிரே வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள சாய்வுதான் தாக்கு கோணம். கோணம் கூடக்கூட, மேற்பரப்பில் காற்று வேகமாக ஓடி அழுத்தம் குறைகிறது, தூக்குவிசை கூடுகிறது. ஆனால் முன்விளிம்பை அடுத்து வேகமெடுத்த காற்று பின்விளிம்பை நெருங்கும்போது அழுத்தம் மறுபடி உயர்ந்தாக வேண்டும். துணியை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலமோ உராய்வினால் ஏற்கனவே களைத்திருக்கிறது. மிதிக்கத் தெம்பில்லாத சைக்கிள்காரர் மேட்டில் ஏறுவதைப்போல அது அந்த அழுத்தத்தை எதிர்த்து ஏற வேண்டியிருக்கிறது. மேடு சாதாரணமாக இருந்தால் ஏறிவிடும். செங்குத்தானால் பாதியில் நின்று பின்வாங்கும். அந்த இடத்தில் காற்றோட்டம் துணியை விட்டு விலகி, பின்னால் சுழல்களாகச் சிதறுகிறது. ஸ்டால் என்பது இதுதான். இந்தப் படலத்தின் கணக்கை முதலில் தெளிவாக்கியவர் ஜெர்மனியின் லுட்விக் பிராண்டல். 1904இல் ஹைடல்பெர்க் நகரில் கூடிய கணிதவியலாளர் மாநாட்டில் அவர் வாசித்த சிறிய கட்டுரையிலிருந்துதான் நவீன விமானவியலின் பெரும்பகுதி கிளைத்தது. வழக்கமான விமான இறக்கைகளில் காற்று இப்படி விலகுவது ஏறத்தாழ 15 டிகிரி அளவில் நடக்கும். பட்டத்துக்கு அதன் வடிவத்தைப் பொறுத்து எல்லை மாறும். ஆனால் எல்லை இல்லாத இறக்கை கிடையாது.

எல்லையைத் தாண்டியதும் இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. தூக்குவிசை சட்டென்று சரிகிறது, பின்னோக்கித் தள்ளும் இழுவை எகிறுகிறது. பட்டத்தின் மேல் செயல்படும் மொத்த விசை காற்று போகும் திசைக்குச் சாய்ந்துவிடுகிறது. முன்விளிம்பை முன்னே இழுத்துச்செல்ல எதுவும் மிச்சமில்லை. பின்விளிம்பைப் பின்லைன் இறுகப் பிடித்திருக்கிறது. முன்லைன் தொய்கிறது. பட்டம் முகத்தை நம் பக்கம் வைத்துக்கொண்டே பின்னாலும் கீழுமாக இறங்குகிறது.

இந்தக் கட்டத்தில் மனிதக் கை என்ன செய்யும்? இழுக்கும். பிடி நழுவுகிறது என்று உணர்ந்தால் இன்னும் கெட்டியாகப் பிடிப்பதுதான் உடம்பின் இயல்பு. கரையில் பழகியவர் ஒருவர் கத்துவார்: "தம்பி, பாரை விடு! தள்ளு, தள்ளு!" கற்பவர், "விட்டா விழுந்துடுமேண்ணா" என்பார். விடாததால்தான் விழுகிறது என்பதை மூளை ஒப்புக்கொண்டாலும் தோளும் விரலும் ஒப்புக்கொள்ள நாளாகும்.

பறத்தலின் வரலாற்றில் இந்தப் பிழைக்கு உயிர்கள் போயிருக்கின்றன. சறுக்கு விமானத்தில் ஆயிரக்கணக்கான முறை பறந்து, ரைட் சகோதரர்களுக்கு வழிகாட்டியாக இருந்த ஓட்டோ லிலியன்தால், 1896 ஆகஸ்ட் 9 அன்று காற்றில் ஸ்டால் ஆகி விழுந்து மறுநாள் இறந்தார். 2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் நோக்கிப் பறந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் வேகம் காட்டும் குழாய்கள் பனியால் அடைபட்டன. குழப்பத்தில் துணை விமானி மூக்கை மேலே தூக்கும்படி கட்டுப்பாட்டுக் குச்சியைப் பின்னுக்கு இழுத்தார். விமானம் ஸ்டால் ஆனது. எச்சரிக்கை ஒலித்தும் பெரும்பாலான நேரம் இழுப்பு தொடர்ந்தது. சுமார் 38,000 அடி உயரத்திலிருந்து மூன்றரை நிமிடத்தில் அட்லாண்டிக்கில் விழுந்தது. 228 பேரும் இறந்தார்கள். பழுதில்லாத இறக்கையும் ஓடும் எஞ்சினும் இருந்த விமானம் அது. பட்டத்தோடு இதை ஒப்பிடுவது பொருந்துமா என்று சிலர் தயங்கலாம். இறக்கையின் விதி இரண்டுக்கும் ஒன்றுதான். கைட் ஓட்டுபவருக்குக் கிடைத்த பேறு, அவர் பிழையைத் தண்ணீரில் நின்றபடி மறுபடி மறுபடி செய்து திருத்திக்கொள்ளலாம் என்பது.

விடுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. துணியை விட்டு விலகிய காற்று, விலகிய அதே கோணத்தில் திரும்பி ஒட்டாது. அதைவிடக் கணிசமாகக் கோணத்தைக் குறைத்தால்தான் ஒட்டும். பாரை அரை விரற்கடை தளர்த்திவிட்டு, "விட்டுப் பார்த்தேன், சரியாகவில்லை" என்பவர்களுக்கு நடப்பது இதுதான். ஸ்டால் தொடங்கியது என்று தெரிந்தால் பாரை நன்றாகத் தள்ளிவிட வேண்டும். பட்டம் முன்னோக்கிப் பாய்ந்து வேகம் பிடிப்பது கயிற்றில் தெரியும். அதற்குப் பிறகு மெதுவாக இழுக்கலாம்.

காற்று லேசாக இருக்கும் நாளில் இந்த வம்பு அதிகம். பட்டத்துக்கும் கயிற்றுக்கும் எடை இருக்கிறது. காற்றின் வேகம் பாதியானால் அதே கோணத்தில் கிடைக்கும் விசை கால்பங்காகிவிடும். எடையைத் தாங்க வேண்டுமானால் கோணத்தைக் கூட்டியாக வேண்டும், அதாவது எல்லைக்குப் பக்கத்தில் போய் நின்றாக வேண்டும். அந்த நேரத்தில் இழுத்து வைத்துக்கொண்டு நிற்பதைவிடப் பட்டத்தை வானில் பக்கவாட்டில் ஓடவிடுவது பலன் தரும். ஓடும் பட்டம் தன் வேகத்தால் தனக்கே காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. தேர்ந்தவர்கள் மெல்லிய காற்றில் பட்டத்தை மேலும் கீழும் அலைபோல் ஆட்டிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

இனி ட்ரிம். பாருக்கு மேலே முன்லைனில் ஒரு பட்டையோ கயிறோ இருக்கும். அதை இழுத்தால் முன்லைன் குட்டையாகும், விட்டால் நீளமாகும். முன்லைன் குட்டையானால் பின்லைன் அதனுடன் ஒப்பிட நீளமாகிவிடுகிறது. பட்டத்தின் தாக்கு கோணம் மொத்தமாக ஒரு படி இறங்குகிறது. பாரின் ஓட்டம் எந்தக் கோணத்திலிருந்து எந்தக் கோணம் வரை என்பதை ட்ரிம் தீர்மானிக்கிறது. அந்த எல்லைக்குள் கை விளையாடுகிறது. ட்ரிம் சரியாக இருந்தால் பாரை முழுவதும் இழுத்தாலும் பட்டம் ஸ்டால் எல்லையைத் தொடாது. தவறினால் பாதி இழுப்பிலேயே தொட்டுவிடும்.

எவ்வளவு தவறினால்? கணக்குக்காக, பட்டத்தில் முன்லைன் பிடிக்கும் இடத்துக்கும் பின்லைன் பிடிக்கும் இடத்துக்கும் ஒரு மீட்டர் இடைவெளி என்று கொள்வோம். பின்லைன் 5 சென்டிமீட்டர் குட்டையானால் பட்டம் கிட்டத்தட்ட 3 டிகிரி நிமிர்ந்துவிடும். இருபது மீட்டருக்கு மேல் நீளமான கயிற்றில் 5 சென்டிமீட்டர் கண்ணுக்கே தெரியாது. மொத்த எல்லையே பதினைந்து டிகிரி வாக்கில் இருக்கும்போது 3 டிகிரி என்பது பெரிய பங்கு.

அந்த 5 சென்டிமீட்டர் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. யாரும் கயிற்றை மாற்றிக் கட்டவில்லை. கயிறு தானாகவே மாறுகிறது. கைட் கயிறுகள் டைனீமா போன்ற மிகு வலு பாலிஎத்திலீன் இழைகளால் ஆனவை. எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலிமை. ஆனால் இந்த இழைக்கு ஒரு குணம் உண்டு: பாரத்தைத் தொடர்ந்து தாங்கினால் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும், பாரத்தை எடுத்த பின்பும் முழுதாகத் திரும்பாது. அதிகம் பாரம் சுமப்பவை முன்லைன்கள் என்று பார்த்தோம். எனவே அவை அதிகம் நீள்கின்றன. பின்லைன்கள் அவ்வளவாக நீள்வதில்லை. சில மாதம் ஓட்டியதும் பின்லைன்கள் ஒப்பளவில் குட்டையாகிவிடுகின்றன. வாங்கிய புதிதில் அருமையாகப் பறந்த பட்டம் அடுத்த பருவத்தில் பின்னால் விழத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பட்டம் கெட்டுப்போய்விட்டது என்று விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வருத்தமாக இருக்கிறது.

துணியும் முதுமையடையும். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை விசைத்தறிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாவும் ஊடையும் ஓடும் நேர்த்திசையில் துணி எளிதில் நீளாது, குறுக்கே சாய்வாக இழுத்தால் நீளும் என்பது தறிக்காரருக்குக் கைப்பாடம். பட்டத் துணியில் சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை தடித்த இழையை இரு திசையிலும் கொடுத்துக் கட்டம் கட்டமாக நெய்திருப்பார்கள். கிழிசல் ஒரு கட்டத்தோடு நிற்பதற்காக. மேலே காற்றுப் புகாதபடி ஒரு பூச்சு. வெயிலும் உப்பும் படபடப்பும் அந்தப் பூச்சைத் தின்றபின் இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கத் தொடங்கும். துணி சாய்வாக நீண்டு தொங்கும். இறக்கையின் வளைவு ஆழமாகும், பட்டத்தின் ஓட்டம் மந்தமாகும், ஸ்டால் எல்லை முன்கூட்டியே வந்துவிடும். காற்றில்லாத நேரத்தில் கரையில் பட்டத்தைப் படபடக்கவிட்டு வைக்காதீர்கள், நிழலில் சுருட்டி வையுங்கள் என்று பழகியவர்கள் சொல்வது வெறும் ஒழுங்குக்காக அல்ல.

காற்றின் தரமும் சேர்ந்துகொள்கிறது. பள்ளிப்பட்டைச் சுற்றியுள்ளவை குன்றுகள். குன்றைத் தாண்டி இறங்கும் காற்று சுழல்களாக உடைந்து வருகிறது. ஒரு நொடி அறைகிறது, மறுநொடி இல்லாமல் போகிறது, போதாததற்குத் திசையும் மாறுகிறது. இந்த இடைவெளியில் பட்டம் நின்றுபோய்ச் சரிகிறது. அந்தப் பிள்ளைகளின் சூத்திரத்தில் குறையே இல்லாத நாளிலும் பட்டம் விழுவதற்கு இதுவும் காரணம். திறந்த கடல்மேல் தடையில்லாமல் வரும் காற்று அப்படியல்ல. பள்ளிப்பட்டு இருக்கும் மாவட்டத்திலேயே கடலோரத்தில் பழவேற்காடு இருக்கிறதே, அங்கே விடலாமே என்று கேட்கத் தோன்றும். நான் அதை ஆதரிக்கமாட்டேன். பூநாரைகள் வந்து மேயும் சரணாலயத்தின் மேல் 12 சதுர மீட்டர் துணியைப் பறக்கவிடுவது அவற்றை விரட்டுவதற்குச் சமம். கைட் தெற்கே இருக்கட்டும்.

தெற்கே அதே காற்றில் ஸ்டாலை வேண்டுமென்றே வேலைக்கு வைத்ததும் நடந்திருக்கிறது. தமிழகத்தின் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் எழுந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் காற்றுக்காக முப்பந்தலில் பிறகு காடுபோல் காற்றாலைகள் நின்றன. அந்தத் தலைமுறையின் டேனிஷ் பாணி ஆலைகள் பலவற்றில் சிறகுகள் திருப்ப முடியாதபடி நிலையாகப் பொருத்தப்பட்டவை. புயல்போல் காற்று அடித்தால் ஆலை தறிகெட்டுச் சுற்றாதா? சுற்றாது. சுழலும் வேகம் மாறாமல் காற்று மட்டும் கூடினால் சிறகின் தாக்கு கோணம் தானாகவே கூடி, எல்லையைத் தாண்டி, சிறகு ஸ்டால் ஆகிவிடும். விசை அதற்குமேல் ஏறாது. பிரேக்கின் வேலையை விலகிய காற்றே செய்துவிடும். பின்னால் வந்த பெரிய ஆலைகள் சிறகைத் தன் அச்சில் திருப்பிக் கோணத்தை மாற்றுகின்றன. அவற்றில் ட்ரிம் ஓயாமல் நடக்கிறது, மனிதக் கை இல்லாமல்.

போட்டிக் களத்தில் இந்த நுணுக்கம் உச்சத்துக்குப் போய்விட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கைட் முதன்முறையாக இடம்பெற்று, மார்செய் கடலில் நடந்தது. ஆண்களில் ஆஸ்திரியாவின் வாலன்டின் போன்டுஸும் பெண்களில் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிட்ஜும் தங்கம் வென்றார்கள். சிங்கப்பூரின் மாக்ஸ் மேடருக்கு 17 வயதில் வெண்கலம். அவர்கள் ஓட்டுவது ஊதும் குழாய் இல்லாத, பாராசூட் போல் அறை அறையாகக் காற்று நிரம்பும் பட்டம். அதன் உள்கயிறுகள் ஏராளம். அவற்றில் ஒன்று பிசகினாலும் இறக்கையின் வடிவம் கெடும் என்பதால் கயிற்று நீளத்தை அளந்து பார்ப்பது அவர்களுக்குப் பயிற்சியில் ஒரு பகுதி.

நம் கரையில் அளக்க ஒரு கம்பம் போதும். கயிறுகளைப் பட்டத்திலிருந்து கழற்றி, நான்கு முனைகளையும் கம்பத்தில் ஒரே ஆணியில் மாட்டுங்கள். ட்ரிம்மை முழுவதும் தளர்த்தி, பாரை முழுவதும் உள்ளே இழுத்து, பின்னால் சாய்ந்து இழுத்துப் பிடியுங்கள். நான்கும் சமமாக விறைக்க வேண்டும், பார் நேராக நிற்க வேண்டும். முன்லைன்கள் தொய்ந்து பின்லைன்கள் மட்டும் விறைத்தால் முன்லைன் நீண்டுவிட்டது என்று பொருள். பின்லைன் முனையில் வரிசையாக முடிச்சுகள் இருக்கும். ஒரு முடிச்சு வெளியே மாற்றினால் பின்லைன் நீளும். இரண்டு பக்கமும் ஒரே முடிச்சாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பட்டம் எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும்.

பறக்கும்போது பார்க்க இன்னொரு வழி உண்டு. காற்று மிதமாகவும் சீராகவும் இருக்கும் நாளில், ஆளில்லாத இடத்தில், இடுப்பளவு நீரில் நின்று, பட்டத்தைத் தலைக்கு நேர்மேலே நிறுத்திப் பாரை மெதுவாக உள்ளே இழுங்கள். பட்டம் அசையாமல் நின்றால் நல்லது. பின்னால் நகர்ந்து இறங்கத் தொடங்கினால் பாரைத் தள்ளிவிட்டு, ட்ரிம் பட்டையைச் சிறிது இழுத்துவிட்டு மறுபடி பாருங்கள். காற்று வலுத்த நாளில், அதுவும் விட்டுவிட்டு அறைகிற காற்றில், இதைச் செய்யவே கூடாது. ஸ்டால் ஆகாத பட்டம் அந்த இடத்தில் ஆளையே தரையிலிருந்து தூக்கிவிடும். கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவர் பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் இந்தச் சோதனைக்குப் போக வேண்டாம்.

புதுக் கயிறு வாங்கியவர்கள் முதல் சில நாள் ஓட்டிய உடனேயே கம்பத்துக்குத் திரும்பி வர வேண்டும். கயிற்றின் பின்னல் இறுகி, முடிச்சுகள் உட்கார்ந்து, நீளம் அதிகம் மாறுவது அந்தத் தொடக்க நாட்களில்தான். அதற்குப் பிறகு பருவத்துக்கு இரண்டு முறை அளந்தால் போதும்.